உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். சர்வரில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஒரு வொர்க்கர் பிராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) இறந்துவிட்டதைக் கண்டறிவது எளிது; இறக்காமலும் வேலை செய்யாமலும் உறைந்து நிற்பதைக் கண்டறிவதுதான் கடினம். பைத்தான் இணையச் செயலிகளை இயக்கும் குனிகார்ன் மென்பொருளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

குனிகார்னில் மாஸ்டர் பிராசஸ் எந்தக் கோரிக்கைக்கும் பதில் சொல்வதில்லை. வொர்க்கர்களைத் தோற்றுவிப்பதும் கவனிப்பதுமே அதன் வேலை. ஒரு வொர்க்கர் இறந்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் மாஸ்டருக்குச் சிக்சைல்ட் என்ற சிக்னலை அனுப்ப, மாஸ்டர் உடனே வேறொன்றைத் தோற்றுவிக்கிறது. உறைந்த வொர்க்கரைப் பற்றி அப்படி யாரும் தெரிவிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வொர்க்கரும் தனக்குரிய தற்காலிகக் கோப்பின் நேரக்குறிப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது 30 வினாடிகளுக்கு மேல் நின்றுபோனால், வேறு வரம்பு வைக்கப்படாதவரை, மாஸ்டர் முதலில் நிறுத்தச் சொல்லும் சிக்அபார்ட் சிக்னலையும், அதற்கும் மசியாவிட்டால் தடுக்கவே முடியாத சிக்கில் சிக்னலையும் அனுப்பி அந்த வொர்க்கரை முடித்துவிடுகிறது. அந்தக் கோப்பு மெதுவான வட்டில் இருந்தால், புதுப்பிப்பதே தடைபட்டு நல்ல வொர்க்கரும் பலியாகலாம்; செயலியைத் தனியே அடைத்து இயக்கும் கன்டெய்னர்களில் அதை நினைவகத்தில் வைப்பது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் சிங்க் வகை வொர்க்கர் கையிலுள்ள கோரிக்கையை முடித்த பிறகே கோப்பைத் தொடும். எனவே 40 வினாடி பிடிக்கும் ஓர் அறிக்கை பாதியிலேயே வெட்டுப்படும். பலர் உடனே வரம்பை 300 வினாடியாக உயர்த்திவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. உண்மையாகவே உறைந்த வொர்க்கரும் ஐந்து நிமிடம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். தரவுத்தள வினவலுக்கே நேர வரம்பு வைத்து, நீண்ட வேலையைப் பின்னணியில் முடித்துத்தரும் செலரி போன்ற பணிவரிசைக்கு அனுப்புவதே முறை.

ஒரே வொர்க்கருக்குள் பல திரெட்கள், அதாவது இணையாக ஓடும் செயலிழைகள், கொண்ட ஜிதிரெட் வகையில் நிலைமை நேர்மாறானது. அங்கே கோப்பைப் புதுப்பிப்பது முதன்மைத் திரெட். கோரிக்கைகளைக் கவனிக்கும் மற்ற திரெட்கள் அனைத்தும் தரவுத்தளத்துக்காகக் காத்துக் கிடந்தாலும் மாஸ்டரின் கண்ணுக்கு எல்லாம் நலமாகவே தெரியும். பயனர் வரும் வழியிலேயே வெளியிலிருந்து ஒரு சோதனைக் கோரிக்கையை அனுப்பிப் பார்த்தாலன்றி இது புலப்படாது.

மாஸ்டரின் சுறுசுறுப்பும் சில வேளைகளில் கோளாறை மறைத்துவிடுகிறது. நினைவகம் தீரும்போது அதை மீட்கப் பிராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லரால் கொல்லப்படும் வொர்க்கருக்கு லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஒரு வரி எழுதக்கூட அவகாசம் இருக்காது. புதியது வந்து இடத்தை நிரப்பிவிடும். ஆகவே வொர்க்கர்கள் எத்தனை முறை மாற்றப்படுகின்றன என்பதைக் கணக்கிட்டு, எண்ணிக்கை கூடினால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போகுமாறு செய்ய வேண்டும். அவர் கெர்னலின் பதிவைத் திறந்தால், கொல்லப்பட்ட பிராசஸின் எண்ணும் அது பிடித்திருந்த நினைவக அளவும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.