மேற்கோள் எண்ணிக்கையும் ஆராய்ச்சியின் எடையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தில் பணிபுரிந்தவன் என்பதால், இந்தப் பொருளை நூலகரின் இருக்கையிலிருந்துதான் என்னால் பார்க்க முடியும். ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டியிருக்கின்றன என்ற எண்ணிக்கை, இன்று ஒருவருடைய வேலைக்கும் பதவி உயர்வுக்கும், ஒரு கல்லூரியின் தரவரிசைக்கும் அளவுகோலாக நிற்கிறது. படிப்பவருக்கு வழிகாட்டுவதற்காகத் தொடங்கிய இந்த எண்ணிக்கை, எழுதியவரை நிறுக்கும் தராசாக மாறியபோது என்னென்ன பிசகின என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

இதன் வேர் அறிவியலில் இல்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது. 1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஏற்றுக்கொண்டனவா, தள்ளிவிட்டனவா என்று வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வதற்கான பட்டியலை வெளியிடத் தொடங்கினார். தகவல் அறிவியலாளரான யூஜின் கார்ஃபீல்டு அந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். தவறென்று பிறர் காட்டிவிட்ட முடிவை, அது தெரியாமலே ஒருவர் மீண்டும் எடுத்தாளக்கூடாது என்ற கவலை அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அவர் நிறுவிய பிலடெல்பியா நிறுவனம் 1963-இல் வெளியிட்ட முதல் மேற்கோள் அடைவு, அதாவது எந்தக் கட்டுரையை எவை சுட்டின என்று காட்டும் பட்டியல், 613 ஆய்விதழ்களைக் கொண்டது. எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்யவே, கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ எனப்படும் தாக்கக் காரணியை உருவாக்கினார்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று திண்டாடும் நூலகருக்கு அது நல்ல துணைதான். (நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் 1948-இல், நூலகச் சேவையைப் புள்ளியியல் கொண்டு அளக்கும் ஒரு துறை வேண்டும் என்று கூறி, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரிட்டார்.)

சராசரி எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் ‘ஏ’ பிரிவை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. படிகவியலாளர்கள் மதித்துப் படிக்கும் அவ்விதழின் தாக்கக் காரணி, 2008-ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2. மறு ஆண்டில் அது 49-ஐத் தாண்டி, ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ ஆகிய இதழ்களையே முந்தியது. இதழாசிரியர் குழு திடீரென மேதைகளைக் கண்டெடுத்துவிடவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக், தாம் எழுதிய படிகங்களின் அணு அமைப்பைக் கணிக்கும் ‘ஷெல்எக்ஸ்’ என்ற மென்பொருளின் வரலாற்றை 2008-இல் அதில் வெளியிட்டு, மென்பொருளைப் பயன்படுத்துவோர் இக்கட்டுரையைச் சுட்டலாம் என்றும் எழுதியிருந்தார். உலகெங்கும் அந்த மென்பொருளை நம்பியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அதைச் சுட்டினார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்த மற்றக் கட்டுரைகளை முன்பு படித்த அதே சிலர்தாம் அப்போதும் படித்திருப்பார்கள். ஆனால் கணக்குப்படி அவற்றை எழுதியவர்களும் ‘49 தாக்கக் காரணி உள்ள இதழில் எழுதியவர்கள்’ ஆகிவிட்டார்கள். 2008-ஆம் ஆண்டு இரண்டாண்டுக் கணக்கை விட்டு வெளியேறிய 2011-இல், எண் பழையபடி 2-க்கு இறங்கியது. அந்த இடைவெளியில் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தவர் யாராவது இருந்திருந்தால், அவரை அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்ல வேண்டும்.

இதழை விட்டுவிட்டு ஆளையே அளக்கலாம் என்று இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது எச்-குறியீடு. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் குறைந்தது 20 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவர் குறியீடு 20. மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும் அவருக்குக் கிடைப்பது 3. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை நிறுத்திப் பல்லாண்டு ஆனவருக்கும் ஏறிக்கொண்டிருக்கும்.

அதிகம் சுட்டப்பட்டது எது என்று பார்த்தாலும் இந்தக் குழப்பம் தெளிவாகும். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லௌரியும் உடன் பணியாற்றியோரும் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் தடவைக்கு மேல் சுட்டப்பட்டிருக்கிறது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, ‘நேச்சர்’ இதழ் 2014-இல் தொகுத்த முதல் நூறில் இடம்பெறவே இல்லை. லௌரியின் கட்டுரை சோதனைக்கூடத்தில் நாள்தோறும் கையாளும் கருவி போன்றது. அதன் பயனைக் குறைத்துச் சொல்லவில்லை. பயன்பாடும் கண்டுபிடிப்பின் ஆழமும் ஒரே எண்ணில் அடங்கா என்கிறேன்.

நம் நாட்டில் 2016 முதல் வெளிவரும் என்ஐஆர்எஃப் எனப்படும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை, மேற்கோள்களையும் கணக்கில் எடுக்கிறது. ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்ற பட்டியல் வந்துவிட்டால், கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் பலகை எழுந்துவிடும். அந்தப் பட்டியலைத் தயாரிப்போர், விஞ்ஞானிகள் தம்மைத் தாமே சுட்டிக்கொண்டதைச் சேர்த்தும் நீக்கியும் இரு கணக்குகள் தருகிறார்கள். பலகையில் அந்த இரண்டாம் கணக்கை நான் கண்டதில்லை. தங்களுக்குள் மாறி மாறிச் சுட்டிக்கொள்ளும் குழுக்களையும், தம் இதழைச் சுட்டினால்தான் ஏற்போம் என்று சாடையாகக் கேட்கும் ஆசிரியர்களையும் பற்றி இங்குள்ள ஆய்வாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் நிதி வழங்கவும் இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று, சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் கூடிய உயிரணு உயிரியலாளர்களும் இதழாசிரியர்களும் வகுத்த பிரகடனம் அடுத்த ஆண்டு வெளியானது. கட்டுரையின் உள்ளடக்கத்தைப் படியுங்கள் என்பது அதன் சாரம். நேர்காணல் குழுவில் இருப்பவருக்கு ஒரு விண்ணப்பதாரரின் மூன்று கட்டுரைகளைப் படிக்க நேரமில்லை என்றால், அந்தக் குழுவில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் அந்தப் படம், ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர் தம் முடிவு சரிதானா என்று பார்க்கும் வழக்கமான சோதனை. அதை வரைந்து தருவது 1993-இல் வெளிவந்த ‘ப்ரோசெக்’ போன்ற மென்பொருள்கள். கட்டுரை எழுதுவோர் வரைபடத்துக்கு ராமச்சந்திரனின் பெயரைச் சொல்கிறார்கள். அடிக்குறிப்பில் பெரும்பாலும் மென்பொருளைச் சுட்டுகிறார்கள். பெயர் வாக்கியத்தில் நிற்கிறது, மேற்கோள் வேறு கணக்கில் ஏறுகிறது.