சின்னக் குழந்தையின் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது?

(நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் நாளையொட்டி, பெற்றோர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் கூடியிருந்த அரங்கில் ஒரு குழந்தை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில் தினமும் காலையில் நடக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். செவிலியர் குழந்தையை எடைத்தட்டில் வைப்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பாவும் பாட்டியும் நிற்பார்கள். “இன்னைக்கு எவ்வளவு?” இருபது கிராம் ஏறியிருக்கிறது என்றால் பாட்டியின் முகம் மலரும். பத்து கிராம் இறங்கிவிட்டது என்றால் அன்று முழுக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சோறு இறங்காது. எடை முக்கியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டில் தெரியாத பெரிய வேலை ஒன்று அந்த ஒன்றேகால் கிலோ உடம்புக்குள் இரவும் பகலும் நடக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எடை தெரிந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் எடை குறைந்தவர்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாள் நிறையும் முன்பே வந்துவிட்ட குழந்தை. இன்னொன்று, வயிற்றுக்குள் போதிய ஊட்டம் கிடைக்காமல் சிறுத்துப் பிறந்த குழந்தை. இந்த இரண்டாவது வகை நம் பக்கத்தில் நிறைய. இரத்தம் போதாதபோது, கருவின் உடம்பு மூளைக்கு முதல் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற உறுப்புகளுக்குக் கொடுக்கும். ஸ்கேனில் அந்த இரத்த ஓட்டத்தையே பார்க்கலாம். வீட்டில் அரிசி குறைந்தால் பிள்ளைக்குப் போட்டுவிட்டு அம்மா கஞ்சி குடிப்பது போல. அப்படிக் காப்பாற்றியும் மூளைக்குக் கொஞ்சம் குறை விழத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்த குழந்தைகள், அதாவது சீக்கிரமும் பிறந்து, அந்த வாரத்துக்கு இருக்கவேண்டிய எடையும் இல்லாதவர்கள், அதிகக் கவனம் வேண்டியவர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இருபத்து நான்கு வாரக் கருவின் மூளையைப் பார்த்தால் கிட்டத்தட்ட வழவழவென்று இருக்கும். நாம் படத்தில் பார்க்கிற மடிப்புகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் விழுகின்றன. முப்பத்து நான்காவது வாரத்தில்கூட மூளையின் எடை, நாள் நிறைந்த குழந்தையின் மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதியைக் கடைசி ஆறு வாரம் சேர்க்கவேண்டும். இருட்டான, வெதுவெதுப்பான கருப்பையில் நடக்கவேண்டிய அந்த வேலை, நம் குழந்தைக்கு டியூப்லைட் வெளிச்சத்தில், மானிட்டர் சத்தத்துக்கு நடுவில் நடக்கிறது.

மூளை மின்சாரத்தில் பேசுகிறது. மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் 1924-இல் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். குறைமாதக் குழந்தைகளின் அலைகளைப் பொறுமையாகப் படித்து, வாரத்துக்கு வாரம் அவை எப்படி மாறுகின்றன என்று காட்டியவர்களில் முன்னோடி பாரிஸைச் சேர்ந்த கோலெட் டிரைஃபஸ்-பிரிசாக். அவர் பார்த்ததை உங்கள் கண்முன் கொண்டுவரப் பார்க்கிறேன். 26, 27 வாரக் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டினால், மின் அலைகள் சடசடவென்று ஒரு தூறல் போல வரும். அப்புறம் நீண்ட அமைதி. மறுபடி ஒரு தூறல். முதல் தடவை பார்க்கும் பயிற்சி மருத்துவர்கள் அந்த அமைதியைக் கண்டு பதறிப்போவார்கள். அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. வாரம் ஏற ஏற இடைவெளிகள் குறுகும். நாள் நிறையும்போது மழை விடாமல் பெய்யத் தொடங்கிவிடும். தூக்கம் வேறு, விழிப்பு வேறு என்று கோடுகளிலேயே பிரித்துச் சொல்லலாம்.

சுவீடனில் லேனா ஹெல்ஸ்ட்ரோம்-வெஸ்டாஸும் அவரோடு இருந்தவர்களும் பிறந்த முதல் சில நாட்களிலேயே இந்த அலைகளைத் தொடர்ந்து பதிவுசெய்து, அதே குழந்தைகளை இரண்டு வயதில் மறுபடி பரிசோதித்தார்கள். ஆரம்ப நாட்களிலேயே தூக்கச் சுழற்சி தெரிந்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். அமைதி அளவுக்கு மீறி நீண்ட குழந்தைகளில் வளர்ச்சித் தாமதம் அதிகம் இருந்தது. பெற்றோரே, இதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். இந்தக் கோடுகள் யாரைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்கின்றன. ஒரு தனிக் குழந்தையின் தலையெழுத்தை அதில் படித்துவிட முடியாது.

இனி நான் சொல்லப்போவது, இருபது வருட வேலையில் என் மனதை அதிகம் தொட்ட ஒரு கண்டுபிடிப்பு. 2007-இல் பிரான்சில் மாத்தியூ மில் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 29 முதல் 31 வாரக் குழந்தைகளைக் கவனித்தார்கள். இந்த வயதில் கையும் காலும் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். “தூக்கத்துல தூக்கிவாரிப் போடுது டாக்டர்” என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதுதான். கை அசைந்த உடனே, மூளையில் கைக்கு உரிய இடத்தில் அந்தத் தூறல் விழுந்தது. கால் அசைந்தால் காலுக்கு உரிய இடத்தில். வேறொருவர் கையைத் தொட்டாலும் அதே இடம்தான் பதில் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைக்குக் கண் சரியாகத் திறக்கவில்லை. பால் குடிக்கத் தெரியாது. மூக்குக்குழாயில்தான் கொடுக்கிறோம். ஆனால் அது தன் கையை அசைத்து, “இது என் கை” என்று தன் மூளைக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது. நாம் சும்மா துள்ளல் என்று நினைத்தது அதன் முதல் பாடம். (விழித்திருக்கும்போதும் வெட்டு தொடர்ந்தால், கண் ஒரு பக்கமே நிலைகுத்தினால், செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது வலிப்பாக இருக்கலாம்.)

இது தெரிந்த பிறகு வார்டில் நாங்கள் நடந்துகொள்ளும் விதமே மாறியது. ஒவ்வொரு தொடலும் உள்ளே போய்ச் சேருகிறது என்றால், குதிகாலில் குத்தும் ஊசியும் போய்ச் சேரும், அம்மாவின் விரலும் போய்ச் சேரும். அதனால் தூங்கும் குழந்தையை மணிக்கு ஒருமுறை எழுப்பிச் சோதிப்பதை விட்டோம். இரத்தம் எடுப்பது, துணி மாற்றுவது, பாலாடையில் பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்கிறோம். குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் மேல் துணி போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறோம். ஊசி போடும் நேரத்தில் ஒருவர் குழந்தையின் கைகால்களை ஒடுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அம்மாவின் நெஞ்சு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிவைத்ததுதான் இன்று நாம் சொல்லும் கங்காரு பராமரிப்பு. வசதி இல்லாத இடத்து மாற்றுவழி என்று வெகுகாலம் அதை ஒதுக்கினார்கள். 2021-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனே நெஞ்சோடு அணைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆப்பிரிக்க நாடுகளோடு தில்லியிலும் நடந்த ஆய்வு அது. பொகோட்டா குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, அணைத்து வளர்க்கப்பட்டவர்களிடம் மூர்க்கமும் பரபரப்பும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு. அப்பாவும் அணைக்கலாம், பாட்டியும் அணைக்கலாம். நெஞ்சில் சட்டையில்லாமல், தோலோடு தோல் படவேண்டும். அவ்வளவுதான்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1300 கிராமில் பிறந்த ஒரு பையன் இரண்டு கிலோ ஆனதும், அவன் அப்பாவிடம், “எடை ஏறிடுச்சு, இனி கவலையில்லை” என்று சொல்லி அனுப்பினேன். தொடர்ந்து வரச்சொல்லவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கையில் அவனை மறுபடி பார்த்தேன். நன்றாகப் பேசினான், சிரித்தான். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதினால் எழுத்து கோட்டை விட்டு ஓடியது. கணக்கு ஏறவே இல்லை. பள்ளியில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். வீட்டில் அடி. அந்த அடியில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

அவனைப் போன்றவர்களைப் பற்றித்தான் புனே கே.இ.எம். மருத்துவமனையில் சுதா சௌதரி ஒரு பெரிய வேலை செய்தார். 1980-களின் இறுதியில் இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார். பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் நல்ல எடையோடு பிறந்தவர்களைவிடச் சற்றுக் கீழே. கண்ணால் பார்ப்பதைக் கையால் செய்வதிலும் கணக்கிலும் பலர் தடுமாறினார்கள். இது பள்ளிக்குப் போன பிறகுதான் வெளியே தெரிகிறது. எடைத்தட்டு அதற்குப் பல வருடம் முன்பே “எல்லாம் சரி” என்று சொல்லிவிடுகிறது.

அதே சமயம், வீணாகப் பதறுவதும் வேண்டாம். நம் பிள்ளைத்தமிழ் மரபைப் பாருங்கள். செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம் என்று பாட்டியல் என்னும் செய்யுள் இலக்கண மரபு கணக்கு வைத்திருக்கிறது. தலையாட்டும் பருவம், கைகொட்டும் பருவம், தளர்நடை நடந்து வரும் பருவம். கிட்டத்தட்ட எங்கள் வளர்ச்சி அட்டவணையேதான். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை ஏழாம் மாதத்தில் செங்கீரை ஆடினால் அது தாமதம் இல்லை, அதன் ஐந்தாம் மாதம் அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று மருமகளைக் குத்திக்காட்டாதீர்கள் அம்மா. இரண்டு வயது வரை இந்தத் திருத்திய கணக்கில்தான் பார்க்கவேண்டும். திருத்திப் பார்த்த பிறகும் பின்தங்கினால், கை எப்போதும் இறுக மூடியே இருந்தால், ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்தினால், அப்போது காத்திருக்கக் கூடாது. மாவட்டத்தில் அரசு நடத்தும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு.

எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டில் இப்போது இரண்டு தேதி எழுதுகிறேன். ஒன்று பிறந்த தேதி, இன்னொன்று பிறந்திருக்கவேண்டிய தேதி. இரண்டு கிலோவுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன்பு பிறந்திருந்தால், முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்திருப்பேன். காது கேட்கிறதா என்று பார்க்கவும் ஒரு நாள் இருக்கும். அந்தச் சீட்டோடு ஒரு அம்மா உங்கள் அங்கன்வாடிக்கு வந்தால், குழந்தையைத் தட்டில் வைத்து எடையைக் குறித்த கையோடு, அந்த இரண்டாவது தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.