முதல் ஆறு வாரம் மைக் கிடையாது

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில காலேஜ்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, எங்க கத்தோலிக்கப் பங்குக்கோயில்ல ரொம்ப வருஷமா பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடமும் எடுக்கிறேன். இந்த ரெண்டு வேலையும் சேர்ந்து என்னை இழுத்துட்டு வந்து விட்ட இடத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன். காலேஜ்ல படிச்சுக்கிட்டே சனி ஞாயிறுல கிளைக் கிராமத்துக் கோயில்லயோ முதியோர் இல்லத்துலயோ பணி செய்ய வர்ற பிள்ளைங்க இருக்காங்கல்ல, இன்டர்ன்னு சொல்றோம், அவங்களை எப்படித் தயார் பண்ணி அனுப்புறதுங்கிறதுதான் விஷயம். இன்டர்ன்னா ஐடி கம்பெனியில மட்டும்தான்னு நினைக்க வேண்டாம், சாமி வேலையிலயும் பழகிக்கிட வேண்டியது நெறைய இருக்கு.

வருஷா வருஷம் ஜூன்ல புது பேட்ச் வரும். பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னாடி நிக்க வச்சு, சாமியார், அதாவது பங்குத்தந்தை, ஆசீர்வாதம் குடுத்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, அடுத்த ஞாயித்துக்கிழமையே ஊருக்கு அனுப்பிருவோம். முதல் ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஹால்ல ஒரு நாள் கூட்டி வச்சு ப்ரொஜெக்டர் போட்டு நாலு வகுப்பு எடுத்தா ஆச்சு, பிள்ளைங்க தயார்னு நினைச்சேன். ஒரு பையன்தான் அந்த நினைப்பை மாத்தினான், அவன் கதைய இன்னைக்குச் சொல்லியே ஆகணும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

பி.காம் ரெண்டாம் வருஷம் படிச்சவன், நல்ல பேச்சாளி, காலேஜ் பேச்சுப்போட்டியில பரிசெல்லாம் வாங்கினவன். தேவகோட்டை தாண்டி ஒரு கிராமத்துக்கு அவனை அனுப்புறோம். கண்மாய்க் கரையில சின்னக் கோயில், அறுபது எழுபது வீடு இருக்கும், சாமியார் மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் பூசைக்கு வருவாரு, மத்த வாரம் சாமியாருக்குப் பதிலா ஊர்க்கோயிலைப் பாத்துக்கிற உபதேசியார் ஜெபம் நடத்துவாரு. இவன் முதல் ஞாயிறு போனவன் மைக்கைப் பிடிச்சு நாப்பது நிமிஷம் பேசியிருக்கான். கிறிஸ்தவன்னா எப்பவும் சந்தோஷமா இருக்கணுங்கிறதுதான் தலைப்பு. கதை, பாட்டு, கைதட்டல் எல்லாம் வச்சு ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினது. ஜனங்க மரியாதையா உக்காந்து கேட்டிருக்காங்க, நம்ம ஊர்ல யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்களே.

எல்லாம் முடிஞ்சு வெளிய வரும்போது திண்ணையில உக்காந்திருந்த ஒரு அப்பத்தா இவனைக் கூப்பிட்டிருக்கு. "நல்லாப் பேசுன அப்பு, ஒனக்கு நல்லா வாயி இருக்கு. மூணாவது வரிசையில ஒருத்தி தலைய முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே, பாத்தியா? அவ மகன் செத்து இன்னைக்கு ஒம்பதாம் நாளு."

பய அன்னைக்குச் சாயங்காலம் நேரா என் வீட்டுக்கு வந்து வாசப்படியிலயே உக்காந்துட்டான், உள்ள வரல. "மிஸ், எனக்கு யாரும் சொல்லலையே மிஸ்"னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரல, ஏன்னா சொல்ல வேண்டியவ நான். அந்த ஊரைப் பத்தி நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது பஸ் நம்பரும் உபதேசியார் போன் நம்பரும் மட்டும்தான்.

அன்னையிலேர்ந்து ஒரு சட்டம் வச்சிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் மாத்தல. முதல் ஆறு வாரம் மைக் கிடையாது. பிரசங்கம் கிடையாது, வகுப்பு கிடையாது, பாட்டுக்குழுவுல முன்னாடி நிக்கிறதும் கிடையாது. வீடு வீடாப் போகணும், உக்காரணும், கேக்கணும். ஆறு வாரம் முடியும்போது எந்த வீட்ல யாரு இருக்காங்க, யாரு சிங்கப்பூர்ல இருக்காங்க, யாரு படுக்கையில இருக்காங்க, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு செங்கல் சூளைக்குப் போகுது, இதெல்லாம் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். எம்மாவுங்கிற ஊருக்குப் போற வழியில சீடர் ரெண்டு பேரு மனசு ஒடிஞ்சு போய்க்கிட்டிருக்கும்போது ஆண்டவர் கூட நடந்தாருல்ல, லூக்கா 24ஆம் அதிகாரம், அவரு எடுத்த உடனே பிரசங்கம் பண்ணல, வழியில என்ன பேசிக்கிட்டு வர்றீங்கன்னுதான் முதல்ல கேட்டாரு. எங்க பயிற்சியில இதை வாசிக்காம ஒரு சனிக்கிழமையும் விட மாட்டேன்.

அந்தப் பையன் கதை இன்னும் முடியல. மறுவாரமும் அதே ஊருக்குப் போனான், போக மாட்டேன்னு சொல்லுவான்னு நினைச்சேன், போனான். அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தேன் மிஸ்னு சொன்னான். அப்புறம் அப்பத்தாவுக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் குடுத்து, விஏஓ ஆபீசுக்கு ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிருக்கான். சாயங்காலம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தான். அக்டோபர் கடைசியில உபதேசியார் எனக்குப் போன் பண்றாரு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குத் தம்பிய அனுப்பி வைங்க டீச்சர், செத்தவங்க பேரெல்லாம் வாசிக்கணும், எந்தப் பேரு எந்த வீடுன்னு அதுக்குத் தெரியும்னு ஜனங்க கேக்குறாங்கன்னு.

அந்தத் திருநாளுக்கு மறுநாள் காலையில அவனுக்கு செமஸ்டர் பரீட்சை, காஸ்ட் அக்கவுண்டிங். நான் போகாதேன்னுதான் சொன்னேன். போய்ட்டான். மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அத்தனை பேரையும் வாசிச்சுட்டு, கடைசி பஸ்ல புத்தகத்தை மடியில வச்சுப் படிச்சுக்கிட்டே வந்திருக்கான். பாஸ் பண்ணிட்டான், ஆனா விளிம்புலதான். நெறைய பேரு இதை சாட்சியம் மாதிரி சொல்லுவாங்க, பாருங்க ஆண்டவர் பாத்துக்கிட்டாருன்னு. ஆண்டவர் பாத்துக்கிட்டாரு, சரிதான். ஆனா நவம்பர் 2ங்கிறது மாறாத தேதி, நவம்பர்ல பரீட்சை வரும்னும் எல்லாருக்கும் தெரியும். ஜூன்லயே உக்காந்து பாத்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே அவன் படிப்பை முடிக்க வச்சிருக்கலாம். கோயிலா பரீட்சையான்னு ஒரு பத்தொம்பது வயசுப் பையனைத் தவிக்க விட்டது பெரியவங்க நாங்க செஞ்ச தப்பு.

அதனால எங்க பயிற்சியில முதல் சனிக்கிழமை ஜெபம் முடிஞ்சதும் நேரா காலண்டர்தான். தரையில ரெண்டு காலண்டரை விரிச்சு வச்சுருவோம், ஒண்ணு காலேஜ் காலண்டர், ஒண்ணு கோயில் காலண்டர். ரெண்டும் மோதுற இடத்தைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். ஈஸ்டர் மார்ச் 22லேர்ந்து ஏப்ரல் 25க்குள்ள எப்ப வேணா வரும், தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் அதுக்கு 46 நாள் முன்னாடி. அப்ப தவக்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, தியானம், புனித வாரம்னு கோயில்ல வேலை குவியுற நேரம் எல்லாம் காலேஜ்ல இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர்னு போய்க்கிட்டிருக்கிற நேரம். பங்குத்தந்தைமாருக்கு நான் கைகூப்பிக் கேக்குறது இதுதான், அந்த ரெண்டு மாசம் பிள்ளைங்களைப் பாதி வேலைக்கு மட்டும் கூப்பிடுங்க.

அட்டென்டன்ஸ் கணக்கையும் போட்டுக் காட்டுவேன், கணக்கு டீச்சர் இல்லையா. செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வச்சுக்குங்க, 75 சதவீதம் வேணும்னா 68 நாள் போயாகணும், கையில இருக்கிறது 22 நாள். காய்ச்சல், வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா, மாசி பங்குனியில முத்துமாரியம்மன் பால்குடத்து அன்னைக்கு பஸ்ஸே நகராது, இதெல்லாம் போக கோயில் பேரைச் சொல்லி ஒரு நாள் கூட எடுக்க இடம் கிடையாது. ஒரு பொண்ணு எங்ககிட்ட இருந்தப்ப 75க்குக் கீழ போயி கண்டோனேஷன் பீஸ், அதாவது அட்டென்டன்ஸ் குறைஞ்சதுக்கான கட்டணம் கட்டுச்சு. அந்த அப்பா கொத்தனார் வேலை பாக்குறவரு, ஒரு வார்த்தை எங்களைக் குறை சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. என்எஸ்எஸ்ஸை எடுத்துக்குங்க, வருஷத்துக்கு 120 மணி நேரம்னு ஒரு வரையறை வச்சிருக்காங்க. கோயில் வேலைக்கு மட்டும் வரையறை வேண்டாமா? நாங்க வாரத்துக்கு ஆறு மணி நேரம்னு வச்சிருக்கோம், சனி சாயங்காலமும் ஞாயிறு காலையும் மட்டும்.

பஸ் காசு விஷயம் சின்னதுதான், ஆனா சொல்லணும். பொண்ணுங்களுக்கு டவுன் பஸ் ப்ரீ, பசங்களுக்குக் காசு வேணும், காலேஜ் பாஸ் ஞாயித்துக்கிழமை கிராமத்துக்குப் போறதுக்கு உதவாது. பய வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்க மாட்டான், கேக்க வைக்காம நீங்களே குடுத்துருங்க. அப்புறம் எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பணும், பொழுது சாயிறதுக்குள்ள திரும்பிரணும்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வர்றேன். தண்ணி. வீட்டுக்குள்ள போனா சொம்புல தண்ணி குடுப்பாங்க, கூழு குடுப்பாங்க, கருவாட்டுக் குழம்போட சோறு போடுவாங்க. எந்தத் தெருவா இருந்தாலும் வாங்கிக் குடிக்கணும், அவங்களோட உக்காந்து சாப்பிடணும். வயிறு நிறைஞ்சிருக்கு ஆச்சி, வேண்டாம்னு ஒரு தெருவுல மட்டும் சொல்றது யாருக்கும் புரியாமப் போகாது, அவங்க தலைமுறை தலைமுறையா அதைப் பாத்தவங்க. பூசையில ஒரே அப்பத்தைப் பங்கு போட்டு வாங்கிட்டு வந்து அந்தச் சொம்பைத் தள்ளி வச்சா நாம என்ன நற்கருணை வாங்கினோம்? இதை நான் பிள்ளைங்ககிட்ட நேரடியாவே பேசுவேன், சுத்தி வளைக்க மாட்டேன். சில வீட்ல பெத்தவங்க கோவிச்சுக்கிட்டுப் பிள்ளைய நிறுத்தியிருக்காங்க. நிறுத்தினா நிறுத்தட்டும்.

புனித அருளானந்தர் உயிரைக் குடுத்த ஓரியூருக்கு நம்மள்ல எத்தனை பேரு போயிட்டு வந்து அந்தச் செம்மண்ணை வீட்ல வச்சிருக்கோம். அருளானந்தர், ஜான் டி பிரிட்டோன்னு சொல்ற சாமியார், 1647ல லிஸ்பன்ல பொறந்தவரு, 1673ல கோவாவுக்கு வந்து சேர்ந்தவரு. நம்ம பக்கம் வந்ததும் பேரை மாத்தி, சிவப்பு வேட்டி கட்டி, கறி மீன் முட்டை எல்லாத்தையும் விட்டு, தமிழைக் கத்துக்கிட்டு பண்டாரசாமியா, அதாவது பிராமணரல்லாத துறவி மாதிரி, நடந்தாரு. பண்டாரசாமிங்கிற அந்த முறையே 1640 வாக்குல எதுக்கு வந்துச்சுன்னா, அவருக்கு முன்னாடி மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர் நோபிலி சாமி மாதிரி பிராமண சன்னியாசி கோலத்துல இருந்தா ஒதுக்கி வச்சவங்க வீட்டுப் பக்கம் போக முடியல, அவங்களோடயும் பழகணுங்கிறதுக்காக வந்தது. 1693 பிப்ரவரி 4ல உயிரைக் குடுத்ததைத்தான் நாம பாட்டா பாடுறோம், அதுக்கு முன்னாடி அவரு எத்தனை வருஷம் இந்த ஊருக்குப் பழகினாருங்கிறதை நாம சொல்லிக் குடுக்கிறதே இல்ல. நம்ம பிள்ளைக்குத் தமிழ் தெரியும், சோறும் பழக்கம்தான், ஆனா அடுத்த தெரு தெரியாது. அதுக்குத்தான் ஆறு வாரம் கேக்குறேன்.

குன்றக்குடியையும் சொல்லணும், வேற மதம்னு விட முடியாது. குன்றக்குடி அடிகளார் அங்க உள்ள சைவ மடத்துல இருந்துக்கிட்டே ஊருக்குன்னு கிராமத் திட்டம் போட்டு, விவசாயம் தொழில்னு இறங்கி வேலை பாத்தாரு. நம்ம பிள்ளைங்களை ஒரு நாள் அங்கயும் கூட்டிட்டுப் போவேன், சாமி பேரைச் சொல்லி நடக்கிற வேலை எப்படியெல்லாம் இருக்கலாம்னு கண்ணால பாக்கட்டும்னு.

இன்னும் அஞ்சு நிமிஷம்தான்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கை காட்டுறாங்க. சின்னப் பிள்ளைங்க பாதுகாப்பை விடவே முடியாது, அதை முதல்ல சொல்லிடுறேன். மறைக்கல்வி வகுப்போ டியூஷனோ, கதவு தொறந்திருக்கணும், தனியா ஒரு பிள்ளையோட இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு பிள்ளை வந்து அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னு கேட்டா, சத்தியம் பண்ணக் கூடாது. ஒனக்கு உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்மான்னு சொல்லணும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாம விட்டா 2012 போக்சோ சட்டப்படி அதுவே குற்றம், பண்ணினவரு எவ்வளவு பெரிய மனுசனா இருந்தாலும், கோயில் ஆளா இருந்தாலும் சொல்லியே ஆகணும். 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பரைப் பிள்ளைங்க நோட்டு அட்டையிலயே எழுத வச்சிருவேன்.

நோட்டைப் பத்தித்தான் கடைசியா விவரமாப் பேசணும்னு வச்சிருந்தேன், நேரம் இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு பக்கம், அவ்வளவுதான், இன்னைக்கு யாரைப் பாத்தேன், என்ன கேட்டேன், எனக்கு எங்க உறுத்துச்சுன்னு எழுதணும். மாசம் ஒரு தடவை அந்த நோட்டை வச்சு ஒரு பெரியவங்க பிள்ளையோட அரை மணி நேரம் உக்காரணும். உக்கார ஆளு கிடைக்கிறதுதான் கஷ்டமா இருக்கு, ரிட்டயர் ஆன டீச்சர்மாரு, நர்ஸ்மாரு யாராவது கேட்டுக்கிட்டிருந்தா உங்க பங்குல போயிச் சொல்லுங்க, ப்ளீஸ்.

பிள்ளையக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா அந்த முதல் சனிக்கிழமை நீங்களும் கூட உக்காருங்க. வரும்போது மறக்காம காலேஜ் காலண்டரை எடுத்துட்டு வாங்க, போன்ல போட்டோவா இருந்தா பத்தாது, தரையில விரிக்கணும். வணக்கம்.