கண்ணுக்கு முன்னே காதுக்கு வரும் பருவம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானின் இலையுதிர்காலம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கியோத்தோ கோயில்களில் சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்கள்தாம். அந்நகரில் அச்சிவப்பு முற்றுவது பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில். மரபுவழி நாட்காட்டியிலோ இலையுதிர்காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் நாள், வெயில் மண்டையைப் பிளக்கும்போதே பிறந்துவிடுகிறது. நவம்பர் 7 வாக்கில் குளிர்காலமும் தொடங்கிவிடும். ஆக, சிவப்பைக் காண நாம் போய் இறங்கும் நேரத்தில், மரபுக் கணக்குப்படி அப்பருவம் முடிந்தே போயிருக்கும்!

ஆகஸ்டில் பிறக்கும் அந்த நாளுக்கு 'ரிஷ்ஷூ' என்று பெயர். அது கடந்தபின் நலம் விசாரித்து மடல் எழுதுவோர், வியர்வை வழிய எழுதினாலும், 'எஞ்சியிருக்கும் வெயில்' என்றே குறிப்பிட வேண்டும் என்பது வழக்கம். இதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 905ஆம் ஆண்டையொட்டி அரச ஆணையால் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ தொகைநூலில், இலையுதிர்காலப் பகுதியின் முதற்பாடல் இந்த நாளைப் பற்றியதுதான். பருவம் வந்தது கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படவில்லை, காற்றின் ஓசையில்தான் திடுக்கிட்டு அறிந்தேன் என்கிறார் கவிஞர் புஜிவாரா நோ தொஷியுகி. பருவத்தை முதலில் அறிவது செவி என்னும் இந்தக் கருத்து ஏட்டோடு நின்றுவிடவில்லை; எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் மாலை வேளைகளில் தோகன்யாமா மேட்டுக்குப் பூச்சிகளின் இசை கேட்கவென்றே போனார்கள், ஓவியர் ஹிரோஷிகே அதை ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்.

ஆண்டை ஏறத்தாழ ஐந்து நாட்கள் கொண்ட 72 கூறுகளாகப் பகுக்கும் முறை சீனத்திலிருந்து வந்தது. அதில் 'சிட்டுக்குருவி நீரில் புகுந்து சிப்பியாகும்' என்பது போன்ற, எவரும் கண்டிராத செய்திகளும் இருந்தன. வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் 1685ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தத்தை ஒட்டி அவற்றை ஜப்பானியச் சூழலுக்கேற்ப மாற்றினார். 1874இல் பட்டியல் மீண்டும் திருத்தப்பட்டது. புல்லில் பனித்துளி வெண்மையாக மின்னுவது, தகைவிலான்கள் புறப்பட்டுப் போவது, இடி தன் குரலை அடக்கிக்கொள்வது, அக்டோபரில் சுவர்க்கோழி கதவருகே வந்து பாடுவது என்று அது செல்கிறது. இவற்றில் எதையும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை, வாசற்படியே போதும்.

தேநீர்ச் சடங்கில் இந்த நுட்பம் இன்னும் கூர்மை பெறுகிறது. கோடை முழுதும் விருந்தினரிடமிருந்து தள்ளி வைக்கப்படும், தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கணப்பு, அக்டோபரில் பாயின் நடுவுக்கு நகர்ந்து அவர்களை நெருங்குகிறது. குளிரத் தொடங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, சூடுதான் சற்று அருகில் வருகிறது. நவம்பரில் அந்தக் கணப்பும் போய், தரையில் பதித்த அடுப்பு திறக்கப்படுகிறது.

தட்பவெப்பம் மாறிவரும் இக்காலத்துக்கு இப்பழைய கணக்கு பொருந்துமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. ஜப்பான் வானிலைச் சங்கம் 2011இல், 72 கூறுகளுக்கு அடிப்படையான 24 பருவப் பகுப்புகளை இக்காலத்துக்கேற்பப் புதிதாக வகுக்க முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பவே அதைக் கைவிட்டு, 2013இல் மாதத்துக்கு மூன்றாக 36 பருவச் சொற்களைத் தெரிந்தெடுத்து வெளியிட்டது. பழைய பகுப்புகள் அப்படியே நிற்கின்றன; ஆகஸ்ட் மாத மடல்களில் வெயில் இன்னமும் 'எஞ்சியே' இருக்கிறது.