காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஏன் வலிப்பு வருகிறது?

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை, காலையில் லேசாக மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான், சாயங்காலம் திடீரென்று கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, தொட்டால் உடம்பு கொதிக்கிறது. பெற்றவளுக்கு உயிரே போய்விடும். ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. ஜப்பானில் இன்னும் அதிகம்.

"சூடு மூளைக்கு ஏறிடுச்சு" என்பார்கள். பாதி சரி. நரம்பணுக்களின் சவ்வில் இருக்கிற சோடியம் வழிகள் (சோடியம் உள்ளே போகிற சின்ன வாசல்கள்) சூட்டில் வேறு மாதிரி வேலை செய்யும், அணுக்கள் சீக்கிரம் கிளர்ந்துவிடும். ஆனால் சூடு மட்டும்தான் காரணம் என்றால், ஒரு பிள்ளை 40 டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் சும்மா படுத்திருக்க, இன்னொன்றுக்கு 38.5-லேயே ஏன் இழுக்கிறது?

மீதிப் பாதி இங்கே இருக்கிறது. கிருமி உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்துகிற ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் கூட்ட, உடம்பின் வெப்ப அளவு மேலே ஏறுகிறது. அதே இன்டர்லூக்கின் இன்னொரு வேலையும் பார்க்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன: நரம்பணுவைத் தூண்டுகிற குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கச் செய்கிறது, அடக்குகிற காபா என்ற வேதிப்பொருளைத் தளர்த்துகிறது. சின்ன வயதில் தூண்டும் பக்கம் முந்தி வளர்ந்துவிடுகிறது, அடக்கும் பக்கம் பின்னால்தான் தேறி வருகிறது. அதனால்தான் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஐந்து வயதோடு போய்விடுகிறது.

பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், சூடு இறங்கும், பிள்ளைக்கு இதமாக இருக்கும். கொடுங்கள். ஆனால் நேரம் தவறாமல் கொடுத்துவந்தாலும் அடுத்தடுத்த காய்ச்சலில் வலிப்பு வராமல் அது காப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து கொடுக்கத் தவறியதால்தான் வந்தது என்று வீட்டில் யாராவது தாயைத் திட்டினால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் மூச்சு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிக்குட்டிகளைச் சூடாக்கினார்கள். அவை வேகமாக மூச்சு வாங்கியதில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையில் காரத்தன்மை ஏறி, வலிப்பு வந்தது. 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைக் கொடுத்ததும் நின்றுவிட்டது! குழந்தைகளிடமும் இப்படித்தானா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் கார்பன் டை ஆக்சைடு கூடட்டும் என்று வீட்டில் யாரும் பிள்ளை முகத்தில் பையை மாட்டிவிடாதீர்கள், ஆபத்து.

பரம்பரையும் உண்டு. அப்பா அம்மாவுக்கோ அண்ணன் அக்காவுக்கோ வந்திருந்தால் வாய்ப்பு கூடும். அரிதாக எஸ்சிஎன்1ஏ என்ற மரபணு பழுதாகி, அடக்கும் நரம்பணுக்களின் சோடியம் வழிகளே சரியாக இயங்காமல் போகும். டிராவெட் நோய் என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வெந்நீர்க் குளியலேகூட வலிப்பைக் கிளப்பலாம். அது தனிக் கதை. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னால் கால்கை வலிப்பு நோய் வருவதில்லை. மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்ப வரலாம், அவ்வளவுதான்.

நம் ஊரில் கையில் இரும்புச் சாவி கொடுப்பார்கள். பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நிற்கிறது, பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூனோ துணியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் முறை வந்தால் நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் பிள்ளை தெளியாவிட்டாலோ, கழுத்து விறைத்திருந்தாலோ, ஆறு மாதத்துக்கும் சின்னக் குழந்தையானாலோ மூளைக்காய்ச்சலாகக்கூட இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.