கென்னடி பேசியது சரியான ஜெர்மன்தான்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963-ஆம் ஆண்டு மேற்கு பெர்லினுக்குச் சென்றபோது, ‘நானும் பெர்லின் நகரத்தான்’ என்று ஜெர்மன் மொழியில் சொல்ல விரும்பி ‘இஷ் பின் ஐன் பெர்லினர்’ என்றார், இலக்கணம் தெரியாத காரணத்தால் அது ‘நான் ஒரு ஜாம் பன்’ என்றாகிவிட்டது, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது என்றொரு செய்தி பல ஆண்டுகளாக உலவிவருகிறது. உங்களில் பலர் அதை எங்கேனும் படித்திருப்பீர்கள். சிலர் பிறருக்கு எடுத்துச் சொல்லியும் இருப்பீர்கள். அந்தச் செய்தி உண்மையன்று. அதை நம்பும்போது, அன்று அந்தத் திடலில் நின்றிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு நாம் அநீதி இழைக்கிறோம் என்று கருதுவதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்தப் பண்டத்தைப் பார்த்துவிடுவோம். மைதா மாவில் பால், முட்டை, வெண்ணெய் சேர்த்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, உருண்டையாகப் பிடித்துக் கொழுப்பில் பொரித்தெடுப்பது அது. நடுவில் ஓட்டை கிடையாது. நன்றாகப் புளித்த மாவு கனமற்றிருப்பதால் பாதி மூழ்கியும் பாதி மிதந்தும் வேகும். ஒருமுறை திருப்பிப் போட்டால் மேலும் கீழும் பொன்னிறமாகச் சிவந்துவிட, இடுப்பைச் சுற்றி மட்டும் எண்ணெய் படாத ஒரு வெளிர்ப் பட்டை நிற்கும். நல்ல கைப்பக்குவத்துக்கு அந்தப் பட்டையே அடையாளம். பொரித்தபின் நீண்ட மூக்குள்ள குழாயால் குத்தி, உள்ளே பிளம் பழக் கூழையோ சிவப்பு ஜாமையோ செலுத்தி, மேலே சர்க்கரையைத் தூவுவார்கள். ஆண்டின் கடைசி நாளன்றும், தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்ட நாள்களிலும் ஜெர்மனியில் இது இல்லாத வீடு அரிது. புத்தாண்டு இரவில் தட்டு நிறைய அடுக்கி, அவற்றுள் ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதிலாகக் கடுகு விழுதை நிரப்பி, அது யார் கைக்குப் போகிறது என்று காத்திருப்பதும் அங்கே வழக்கம்.

இதன் முழுப்பெயர் ‘பெர்லினர் பான்கூகன்’. ஜெர்மன் மொழியில் ஊர்ப்பெயரோடு ‘அர்’ என்னும் ஒலியைச் சேர்த்தால் அவ்வூர் மக்களையும் குறிக்கும், அவ்வூருக்கு உரிய பொருளையும் குறிக்கும். தமிழ்க் காதுக்கும் ‘பெர்லினர்’ என்பது பலர்பால் விகுதி பெற்ற சொல்லாகவே ஒலிப்பது ஓர் இனிய தற்செயல். காலப்போக்கில் ‘பான்கூகன்’ உதிர்ந்து, வடக்கிலும் மேற்கிலும் ‘பெர்லினர்’ என்றாலே அந்தப் பண்டம் என்றாயிற்று. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அதே பண்டத்துக்குக் ‘கிராப்பன்’ என்று பெயர். ஹெஸ்ஸன் பகுதியில் ‘கிரெப்பல்’. போர்ச்சுகலுக்குப் போனால் அது ‘பெர்லின் பந்து’ ஆகி, முட்டை சேர்த்த இனிப்புக் கிரீம் நிரப்பப்பட்டுக் கடற்கரைகளில் கூவி விற்கப்படுகிறது. ஆனால் பெர்லின் நகரத்திலேயே அதன் பெயர் பெர்லினர் அன்று! அங்கே அது வெறும் ‘பான்கூகன்’. தம் ஊர்ப் பெயரைத் தம் ஊர்ப் பண்டத்துக்கு அவர்கள் இடுவதில்லை. ஆகவே, அன்று அந்தத் திடலில் நின்றவர்கள் தம் அன்றாடப் பேச்சில் அந்தப் பண்டத்துக்கு வைத்திராத ஒரு பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றே அந்தத் துணுக்கு நம்மை நம்பச் சொல்கிறது.

வேறு ஊர்க்காரர்கள் கேட்டிருந்தாலும் குழப்பம் நேர்ந்திருக்காது. ஹம்பர்கர் என்றால் ஹாம்பர்க் நகரத்தவர், ஓர் உணவும்கூட. வியன்னா நகரத்துக்காரர்கள் ‘ஃபிராங்க்ஃபர்டர்’ என்று சொல்லும் அதே வகைத் தொத்திறைச்சியை ஜெர்மானியர் பலரும் ‘வீனர்’, அதாவது வியன்னாக்காரர், என்றே கேட்டு வாங்குகிறார்கள். சர்க்கரைப் பாகு பூசிய தட்டையான ஒரு கேக்குக்கு ஜெர்மனியில் ‘அமெரிக்கானர்’ என்றே பெயர் இருக்கிறது. ‘நான் அமெரிக்கர்’ என்று ஒருவர் சொன்னால் அவரைக் கேக் என்று எந்த ஜெர்மானியரும் எண்ணுவதில்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். ‘இஷ் பின் பெர்லினர்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், ‘ஐன்’ என்னும் ‘ஒரு’வைச் சேர்த்ததால் பொருள் கெட்டது என்பதே குற்றச்சாட்டு. ஊரையோ தொழிலையோ நேர்ப்பொருளில் சொல்லும்போது ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் வழக்கமாக வராது என்பது மெய்தான். ‘அவர் கோமாளி’ என்று ‘ஐன்’ இல்லாமல் சொன்னால், சர்க்கஸில் கோமாளி வேலை பார்க்கிறார் என்று பொருள். ‘ஐன்’ சேர்த்துச் சொன்னால், வேலை எதுவாயினும் அவர் இயல்பு அது என்று பொருள். அதேபோல ‘ஐன்’ இல்லாமல் ‘நான் பெர்லினர்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றாகும். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கென்னடி அப்படிச் சொல்லியிருந்தால் அதுவே கேட்பவர் காதில் இடறியிருக்கும். பிறப்பால் இல்லாவிட்டாலும் உணர்வால் நான் உங்களில் ஒருவன் என்பதை உணர்த்த ‘ஐன்’ வேண்டும். ஜெர்மன் மொழியறிஞர் யுர்கன் ஐக்ஹோஃப் 1993-இல் ஒரு கட்டுரையில் இதை ஐயத்துக்கு இடமின்றி விளக்கிவிட்டார்.

அந்தத் தொடரைக் கென்னடி எழுதிவைத்திருந்த அட்டை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மொழிகள் அவருக்கு எளிதில் வசப்படுபவை அல்ல. ஆதலால் ஜெர்மன் எழுத்துக் கூட்டலை விட்டுவிட்டு, ‘இஷ் பின் ஐன் பேர்லீனர்’ என்று தம் காதுக்குக் கேட்டபடி ஆங்கில முறையில் எழுதிக்கொண்டார். ‘நான் ரோமக் குடிமகன்’ என்று பொருள்படும் ‘கிவிஸ் ரோமானுஸ் சும்’ என்ற லத்தீன் தொடரையும் அப்படியே எழுதினார். பெர்லினில் வளர்ந்த ராபர்ட் லாக்னர் என்ற அமெரிக்கர், அந்தத் தொடரைத் தாமே எழுதிக்கொடுத்ததாகப் பின்னாளில் கூறினார். நகரத்தின் மேயர் வில்லி பிராண்டின் அறையில் அமர்ந்து ஒத்திகையும் பார்த்தார்கள். ஊர்ப் பேச்சு அறிந்தவர்கள் சூழ்ந்திருந்து திருத்திய வாக்கியம் அது.

சிரிப்பு எழுந்ததும் உண்மைதான், ஒலிப்பதிவில் கேட்கலாம். கென்னடி ஜெர்மனில் சொன்னதை மேடையிலிருந்த மொழிபெயர்ப்பாளர் ஹைன்ஸ் வேபர் மீண்டும் ஜெர்மனிலேயே எடுத்துச் சொன்னார். உடனே கென்னடி, ‘என் ஜெர்மனை மொழிபெயர்த்த என் மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி’ என்றார். கூட்டம் அதற்குத்தான் சிரித்தது. தொடரைச் சொன்ன கணத்தில் எழுந்தது ஆரவாரம்.

அந்த ஆரவாரத்தின் பொருளை அறியப் பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1948 ஜூன் 24 அன்று சோவியத் படை, தன் வசமிருந்த நிலப்பரப்பின் நடுவே மேற்கு நாடுகளின் பொறுப்பில் இருந்த மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழி அனைத்தையும் அடைத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு உணவும் நிலக்கரியும் நின்றுபோயின. இரண்டு நாள் கழித்து, ஜூன் 26 அன்று, அமெரிக்க விமானங்கள் டெம்பல்ஹோஃப் நிலையத்தில் சரக்கோடு இறங்கத் தொடங்கின. பிரிட்டிஷ் விமானங்களும் சேர்ந்துகொண்டன. ஏறத்தாழ 2,77,000 முறை பறந்து 23 லட்சம் டன் பொருளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதில் பெரும்பகுதி நிலக்கரி. 1949 ஈஸ்டரின்போது ஒரே நாளில் 1,398 விமானங்கள் வந்தன, நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். விபத்துகளில் இறந்த 39 பிரிட்டானியர், 31 அமெரிக்கர் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. மூன்றாண்டுக்கு முன்புவரை அந்நகரத்தின் மீது குண்டு போட்ட நாடுகளின் விமானிகள் அவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முற்றுகை 1949 மே மாதம் நீங்கிற்று. ஆனால் 1961 ஆகஸ்ட் 13 அன்று காலை கண்விழித்தபோது நகரத்தின் நடுவே கிழக்கு ஜெர்மனி இட்ட முள்கம்பி ஓடியது. பிறகு அது சுவராக எழுந்தது. அமெரிக்கா கண்டித்தது, தடுக்கவில்லை. தம்மைக் கைவிட்டுவிட்டார்களோ என்ற அச்சம் மேற்கு பெர்லின் மக்களைப் பிடித்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, சுவரேறித் தப்ப முயன்ற பீட்டர் ஃபெக்டர் என்ற பதினெட்டு வயது இளைஞன் சுடப்பட்டு, இருபுறத்தாரும் பார்த்திருக்க, சுவரடியில் ஒரு மணி நேரம் குருதி வடித்துச் செத்தான். எவரும் நெருங்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1963 ஜூன் 26 அன்று, விமானங்கள் பறக்கத் தொடங்கிய அதே தேதியில், கென்னடி ஷோனபெர்க் நகரமன்றத்தின் முன் ஏறி நின்றார். முற்றுகைக் காலத்தில் அமெரிக்கப் படை ஆளுநராக இருந்த தளபதி லூசியஸ் கிளேயையும் உடன் அழைத்து வந்திருந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், ‘நான் ரோமக் குடிமகன்’ என்று சொல்வதே பெருமைகளில் தலையாயதாக இருந்தது என்று தொடங்கினார். ரோமக் குடிமகன் எனும் சொல் ஒருவனைச் சவுக்கடியிலிருந்தும் சிலுவையிலிருந்தும் காக்கக் கூடியது. அவன்மீது கைவைத்தால் பேரரசே கேட்கும் என்பது அதன் உட்பொருள். இன்று அந்த இடத்தில் ‘இஷ் பின் ஐன் பெர்லினர்’ நிற்கிறது என்றார் கென்னடி. உங்கள்மீது கை வைத்தால் என்மீது வைத்ததாகும் என்று வல்லரசு ஒன்றின் தலைவர் மக்களின் சொந்த மொழியில் அவர்கள் முகத்துக்கு நேரே வாக்குக் கொடுக்கிறார். அதைக் கேட்ட கூட்டத்துக்குத் தின்பண்டம் நினைவுக்கு வந்திருக்கும் என்று கற்பனை செய்ய, அந்த நகரம் பட்டது எதையும் அறியாத தொலைவு வேண்டும். அந்தத் தொலைவில்தான் கதையும் பிறந்தது: 1980-களில் ஓர் ஆங்கில உளவு நாவலிலும், பின்னர் அமெரிக்க நாளிதழ்க் கட்டுரை ஒன்றிலும் ஏறி, அங்கிருந்து பரவியது.

அந்தப் பேச்சில் பிழை தேடத்தான் வேண்டும் என்றால், தேட வேண்டிய இடம் வேறு. கூட்டத்தின் எழுச்சியில் கென்னடி தயாரித்த உரையை விட்டு விலகி, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பணியாற்றலாம் என்போர் பெர்லினுக்கு வந்து பார்க்கட்டும் என்று முழங்கினார். இரண்டு வாரங்களுக்கு முன், ஜூன் 10 அன்று வாஷிங்டனில், சோவியத் நாட்டோடு இணங்கி வாழ வழி காண வேண்டும் என்று பேசியவரும் அவரே. பெர்லினில் அப்படி முழங்கிய அன்று பிற்பகலே பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில், மனித குலம் பிழைக்க வல்லரசுகள் சேர்ந்து செயல்படுவது அவசியம் என்று சொல்லிக் நகரமன்றத்தின் முன் பேசியதைச் சமன்செய்ய வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 5 அன்று அணுகுண்டுச் சோதனையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானது.

நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். மூன்றே நாளில் அந்தத் திடலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அடுத்த மாதம் வில்லி பிராண்டின் நகர அரசு கிழக்கு ஜெர்மனியோடு உட்கார்ந்து பேசி, டிசம்பர் 17 அன்று அனுமதிச் சீட்டு உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டது. சுவர் எழுந்து 28 மாதங்களுக்குப் பின், டிசம்பர் 19 முதல் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கடந்து ஜனவரி 5 வரை, மேற்கு பெர்லின் மக்கள் சுமார் 7 லட்சம் பேர் கிழக்கே போய்த் தம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கண்டு திரும்பினார்கள். அவர்களில் பலர் ஜூன் மாதம் அந்தத் திடலில் நின்று ஆர்ப்பரித்தவர்கள். வல்லரசின் வாக்குறுதியும் வேண்டும், எதிர்த்தரப்போடு பேச்சும் வேண்டும் என்பதை அவர்கள் ஒரே ஆண்டில் நடத்திக் காட்டினார்கள்.