மின்சார நாற்காலியில் ஒரு விருது விழா உரை! 'ஃபீமேல் ட்ரபிள்' படத்தின் கதை

வணக்கம் நண்பர்களே.

ஒரு பெண் மின்சார நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் தழும்பு. கையையும் காலையும் வார் போட்டு இறுக்கிவிட்டார்கள். இன்னும் சில நொடிகளில் உயிர் போகப்போகிறது. அவள் அழவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. ஆஸ்கர் மேடை ஏறிய நடிகையைப் போல நன்றி சொல்ல ஆரம்பிக்கிறாள். தன் புகழுக்காக உயிரை விட்ட மகளுக்கு நன்றி. தன் கையால் செத்துப்போன ரசிகர்களுக்கு நன்றி. அப்புறம் இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி சொல்கிறாள். அது எந்தக் கூட்டம் என்று தெரிந்தபோது, முதல் தடவை படம் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்துக்கு வருவோம்.

படத்தின் பெயர் 'ஃபீமேல் ட்ரபிள்'. 1974இல் வந்த அமெரிக்கப் படம். தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை: இது பெரியவர்களுக்கான படம். அருவருப்பு, வன்முறை, கெட்ட வார்த்தை எல்லாமே தாராளமாக இருக்கும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இந்த வீடியோவை அப்புறம் பாருங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஜான் வாட்டர்ஸ். ஊர் பால்டிமோர், மேரிலாந்து மாநிலம். எழுதியது, இயக்கியது, கேமரா பிடித்தது, தயாரித்தது எல்லாம் அவர்தான். நடித்தவர்கள் பெரும்பாலும் அவருடைய நண்பர்கள். சுமார் 25,000 டாலர் செலவில், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' நள்ளிரவுக் காட்சிகளில் ஓடி இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்திருந்தது. சரி, கதைக்குப் போவோம்.

[திரையில்: கிறிஸ்துமஸ் மரம், அடியில் பரிசுப் பெட்டிகள்]

1960, பால்டிமோர். பள்ளி மாணவி டான் டாவன்போர்ட். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கருப்பு நிறத்தில் ஒரு ஜோடி 'சா சா ஹீல்ஸ்'. அந்தக் காலத்து நடனக் காலணி, குதிகால் உயர்ந்தது. பரிசுப் பெட்டியைப் பிரிக்கிறாள். உள்ளே சாதுவான ஒரு தட்டைச் செருப்பு. நல்ல வீட்டுப் பெண்கள் சா சா ஹீல்ஸ் போட மாட்டார்கள் என்கிறார் அப்பா. அவ்வளவுதான். செருப்பைப் போட்டு மிதித்து, அம்மா மேலேயே கிறிஸ்துமஸ் மரத்தைச் சாய்த்துவிட்டு வீட்டை விட்டு ஓடுகிறாள்.

இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இதற்குப் பிறகு நடக்கும் கொலை வரைக்கும் விதை இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அவள் கேட்டது வெறும் செருப்பு இல்லை. அதைப் போட்டுக்கொண்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் அவளுக்கு வேண்டும். பணமோ காதலோ அவளுக்கு இரண்டாம்பட்சம். படம் முழுக்க அவள் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

ஓடிப்போன அன்றே ஒருவனைச் சந்திக்கிறாள். காரில் வருகிறான், பெயர் ஏர்ல் பீட்டர்சன். அவன் மூலமாக அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. இங்கேதான் ரசிக்க வேண்டிய விஷயம்: டான், ஏர்ல் இரண்டு பேராகவும் நடித்திருப்பவர் ஒருவரே. டிவைன். இயற்பெயர் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட், 1945இல் பால்டிமோரில் பிறந்தவர். இரட்டை வேடம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரே நடிகர் தன் கதாபாத்திரத்தைத் தானே கெடுத்துவிட்டுப் போகும் இரட்டை வேடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவதும் நமக்குப் புதிதில்லை. நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் கட்டியவர்கள், அசல் பெண்ணே இப்படி நடக்க மாட்டாள் என்று பெயர் வாங்கப் பாடுபட்டார்கள். டிவைன் போன பாதை வேறு. பருத்த உடம்பை மறைக்க அவர் முயலவே இல்லை. ஒப்பனைக் கலைஞர் வான் ஸ்மித் அவருடைய நெற்றி முடியைப் பாதித் தலை வரை மழித்துவிட்டார். புருவத்தை இன்னும் மேலே வரைய இடம் வேண்டுமாம்! அழகு என்றால் என்ன என்று ஊர் சொல்கிறதோ, அதையெல்லாம் பத்து மடங்கு ஊதிக் காட்டும் முகம் அது.

உழைப்பும் அப்படித்தான். படத்தில் டான் ஒரு டிராம்போலினில் குட்டிக்கரணம் அடிப்பாள். அதற்காக டிவைன் ஒய்எம்சிஏவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். குளிரில் ஓர் ஆற்றை முழு வேடத்தோடு நீந்திக் கடக்கிற காட்சியிலும் டூப் கிடையாது. 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், குப்பைப் படம்தானே' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆற்றைத்தான்.

இப்போது இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். அழகு நிலையம்.

பெயர் லிப்ஸ்டிக் பியூட்டி சலூன். அதன் முதலாளிகள் டானல்ட், டானா டாஷர் என்ற தம்பதி. மிடுக்கான உடை, மெதுவான பேச்சு, எதைத் தொட்டாலும் கை அழுக்காகிவிடுமோ என்ற பாவனை. அங்கே முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றால் காசு மட்டும் போதாது, நேர்காணலில் தேற வேண்டும். டான் இதற்குள் சின்னச் சின்னத் திருட்டில் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்ததும் டாஷர்களுக்குக் கண் மின்னுகிறது. அவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு: குற்றமும் அழகும் ஒன்றே. குற்றம் பெரிதாகப் பெரிதாக அழகும் கூடும். எங்களுக்காக நீ குற்றம் செய், நாங்கள் படம் பிடிக்கிறோம், நீ நட்சத்திரம் ஆவாய் என்கிறார்கள்.

கவனியுங்கள். அவர்கள் கையில் கத்தி இல்லை. கேமரா மட்டும்தான். டான் அடிக்கும்போது ஃபிளாஷ் மின்னுகிறது. வலியில் கிடக்கும்போதும் ஃபிளாஷ் மின்னுகிறது. ஒரு தடவைகூட அவர்கள் அவளைத் தடுக்கவில்லை. அருமை, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். கேமராவைக் கண்டதும் அவள் தோள் நிமிர்கிறது, கை இடுப்புக்குப் போகிறது. 1974இல் செல்ஃபோன் இல்லை, ஃபாலோயர் எண்ணிக்கை இல்லை. ஆனாலும் அந்தத் தோள் நிமிர்வதை நான் தினமும் பார்க்கிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று கமெண்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

அடுத்த காட்சியைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. டானின் கணவன் கேட்டர், அதே சலூனில் முடி அலங்காரம் செய்பவன். அவனை வளர்த்த அத்தை ஐடா. அந்த வேடத்தில் ஈடித் மேஸி, மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி, படத்தில் தனி வெளிச்சம் அவர். கேட்டர் ஊரை விட்டுப் போனதற்கு டான்தான் காரணம் என்று ஐடா அவள் முகத்தில் ஆசிட் ஊற்றிவிடுகிறாள். படம் இதையும் நகைச்சுவையாகத்தான் எடுத்திருக்கிறது. நம் ஊரில் ஆசிட் வீச்சால் உருக்குலைந்த பெண்களின் செய்திகளைப் படித்திருக்கிறோம். அதனால் எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை, வர வேண்டும் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன். ஆனால் மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும்போது டாஷர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இப்போதுதான் நீ பேரழகி என்று கொண்டாடுகிறார்கள். சுற்றி நிற்பவர்களும் ஆமாம் போடுகிறார்கள். அவளும் நம்பிவிடுகிறாள். எத்தனை பேர் கைதட்டினால் ஒரு மனுஷி தன் காயத்தையே நகை என்று நம்புவாள் என்பதை இவ்வளவு கொடூரமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்குப் பிறகு கதை சரசரவென்று இறங்குகிறது. மகள் டாஃபி ஹரே கிருஷ்ணா பக்தையாகி வந்து நிற்கிறாள். டான் அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு இரவு விடுதி மேடை ஏறுகிறாள். டிராம்போலின் ஆட்டம் முடிந்ததும் துப்பாக்கியை எடுத்து, கலைக்காகச் சாக யார் தயார் என்று கேட்கிறாள். ஒருவன் எழுந்து நிற்கிறான். சுடுகிறாள். பிறகு கூட்டத்தை நோக்கியும் சுடுகிறாள்.

நீதிமன்றத்தில் டாஷர்கள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். அவர்கள் மேல் வழக்கே இல்லை, சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். கேமரா பிடித்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், போஸ் கொடுத்தவள் மின்சார நாற்காலிக்குப் போகிறாள்.

அங்கே அவள் கடைசியாக நன்றி சொல்லும் கூட்டம் எது தெரியுமா? தன்னைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவர்கள். தொலைக்காட்சிச் செய்தியில் தன்னைப் பார்த்தவர்கள். நீங்கள் இல்லாமல் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது, உங்களுக்காகத்தான் கொன்றேன் என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருப்பது முழு மகிழ்ச்சி.

சரி, இது கற்பனை. அதே 1974இல் நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போமா? இந்த ஒப்பீட்டுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரையில்: வங்கிக் கண்காணிப்புக் கேமரா போன்ற கருப்பு வெள்ளைப் படம்]

1974 பிப்ரவரி 4. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 19 வயதுக் கல்லூரி மாணவி பாட்டி ஹெர்ஸ்ட் கடத்தப்படுகிறார். தாத்தா வில்லியம் ரேண்டால்ஃப் ஹெர்ஸ்ட், அமெரிக்காவின் பெரிய பத்திரிகை அதிபர். கடத்தியது சிம்பியோனீஸ் விடுதலைப் படை என்ற ஆயுதக் குழு. ஏப்ரல் 15இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிக் கொள்ளை. வங்கிக் கேமராவில் பதிவான முகம் அதே பாட்டி ஹெர்ஸ்ட்! கையில் துப்பாக்கி. அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. பத்திரிகை விற்றுக் கோடீஸ்வரரானவரின் பேத்தியே பத்திரிகைகளின் முதல் பக்கச் செய்தியானார்.

அவர் டான் டாவன்போர்ட் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணைக் கட்டி அலமாரி அறைக்குள் அடைத்து வைத்தார்கள், வன்கொடுமை செய்தார்கள் என்று அவர் பின்னால் சொன்னார். 1976இல் வங்கிக் கொள்ளைக்காகத் தண்டனை பெற்றார். 1979இல் ஜனாதிபதி கார்ட்டர் தண்டனையைக் குறைத்தார், 2001இல் கிளிண்டன் முழு மன்னிப்பே வழங்கினார். ஆனால் ஊர் அவரைப் பார்த்த விதம் இருக்கிறதே, அது டாஷர்கள் பார்த்த விதம்தான். அந்தப் பெண் என்ன பட்டாள் என்பதைவிட, அந்தப் புகைப்படத்தில் எப்படி இருக்கிறாள் என்பதே பேச்சாக இருந்தது.

இனிமேல்தான் ஆச்சரியம். அதே பாட்டி ஹெர்ஸ்ட் பிறகு ஜான் வாட்டர்ஸ் படங்களில் நடித்தார்! 1990இல் 'க்ரை பேபி'. 1994இல் 'சீரியல் மாம்'. அந்த இரண்டாவது படத்தில் ஒரு குடும்பத் தலைவி அற்பக் காரணங்களுக்காகக் கொலை செய்து பிரபலமாகிறாள். பாட்டி ஹெர்ஸ்ட் அதில் நீதிமன்ற ஜூரி. விடுதலையான கதாநாயகி அவரையும் தொலைபேசிக் கருவியால் அடிக்கிறாள். காரணம்? செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்த பிறகு வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார். அங்கே அது பழைய ஃபேஷன் விதி, அந்த நாளுக்குப் பிறகு வெள்ளை கூடாது. இருபது ஆண்டு கழித்தும் வாட்டர்ஸ் செருப்பை விடவில்லை பாருங்கள்! அதோடு, நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, கொலை வழக்கில் சிக்கிய விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் காரில் துரத்தியதைப் பார்த்தது 1994 ஜூனில். 'சீரியல் மாம்' வந்தது அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில்.

கடைசியாக, இந்தப் படத்தின் ரசிகனாக நான் ஒளிக்கக் கூடாத ஒன்று. 'ஃபீமேல் ட்ரபிள்' சார்லஸ் 'டெக்ஸ்' வாட்சனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட படம். 1969 ஆகஸ்டில் சார்லஸ் மேன்சன் என்பவனைத் தலைவனாக ஏற்றிருந்த கும்பல் ஏழு பேரைக் கொன்றதே, அதில் முன்னின்று கொன்றவர் இந்த வாட்சன். இறந்தவர்களில் நடிகை ஷாரன் டேட் நிறைமாதக் கர்ப்பிணி. வாட்டர்ஸ் வாட்சனைச் சிறையில் போய்ப் பார்த்தவர். குற்றமே அழகு என்ற எண்ணம் அந்தச் சந்திப்புகளில் முளைத்தது. வாட்சன் செய்து கொடுத்த மர பொம்மை ஹெலிகாப்டர் படத்தின் டைட்டிலில் வருகிறது.

கேமரா வைத்திருந்த டாஷர்களைக் கிழித்த இயக்குநரே, ஒரு கொலைகாரரைத் தன் டைட்டிலில் நட்சத்திரமாக்கினார். எனக்கு இது வலிக்கிறது. வாட்டர்ஸுக்கும் வலித்திருக்கிறது. 2010இல் வந்த 'ரோல் மாடல்ஸ்' என்ற புத்தகத்தில், மேன்சன் கொலைகளைத் தன் ஆரம்பகாலப் படங்களில் விளையாட்டாகப் பயன்படுத்தியது குற்றம் என்றும், இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்துப் பார்க்கவே இல்லை என்றும் எழுதினார். பெரிய இயக்குநர்கள் இப்படி எழுதி நான் அதிகம் படித்ததில்லை. அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது, அந்தச் சமர்ப்பணத்தின் மேல் இருந்த கோபம் குறையவில்லை.

2018இல் கிரைட்டீரியன் நிறுவனம் படத்தைச் சுத்தப்படுத்தி வெளியிட்டது, பார்ப்பதானால் அந்தப் பதிப்பைப் பாருங்கள். நண்பர்களுக்கு நான் இதைப் போட்டுக் காட்டும்போது, அந்த மர ஹெலிகாப்டர் வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். இதைச் செய்தது யார், அவர் கையால் இறந்தவர்கள் யார், இயக்குநர் பிறகு என்ன எழுதினார் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஓட்டுவேன்.